லயத்துப் பிள்ளைகள் ஏந்திய நெய்ப்பந்தம்

நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு வரைதான் படித்தவள். எழுதிப் பழகிய கை இல்லை. பாதி மறந்தும் போகிறது. ஈப்போவில் என்னோடு இருக்கும் பேத்திதான், "தப்பா இருந்தாலும் பரவாயில்லலா பாட்டி, எழுதுங்க" என்று பேனாவைக் கையில் கொடுத்தாள். கோர்வையாக வராவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தோட்டத்தில் பிள்ளை பார்த்துக்கொண்ட பாட்டியை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது ஒரு கயிறு. மலாயாவில் லகாட் ஊருக்கு அப்பால் எங்கள் ரப்பர் தோட்டத்தில், பால் எடுக்க மரம் வெட்டப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுப் போக அத்தாப்பு ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை இருந்தது. உத்தரத்தில் வரிசையாகச் சேலைத் தூளிகள் தொங்கும். அத்தனை தூளிகளையும் ஒரே கயிற்றில் பிணைத்து, நுனியைக் கால் கட்டைவிரலில் மாட்டிக்கொண்டு பாட்டி உட்கார்ந்திருப்பார். கால் அசைந்தால் தூளிகள் எல்லாம் சேர்ந்து ஆடும். கைகளுக்கு வேறு வேலை. நடக்கிற பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றும், மூக்கைத் துடைக்கும், சண்டை போட்டால் முதுகில் ஒன்று வைக்கும்.

அவர் எனக்கு இரத்த உறவு இல்லை. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிக்கொடுத்த எங்கள் லயத்து வீடுகளில் யாருக்குமே சொந்தப் பாட்டி கிடையாது. இந்தியாவிலிருந்து கப்பலேறி வந்தவர்கள் எல்லாம் உழைக்கிற வயசுக்காரர்கள். வயசானவர்களை ஊரிலேயே விட்டுவிட்டுத்தான் வந்தார்கள். நாங்கள் பார்த்த ஒரே நரைத்த தலை அவருடையது. காடு வெட்டித் தோட்டம் போட்ட காலத்துக் காய்ச்சலில் புருஷனையும் ஒரே மகனையும் பறிகொடுத்துவிட்டு, திரும்பிப் போக ஊரில் ஆள் இல்லாமல் இங்கேயே கிழவியானவர்.

அவருக்கு ஒரே ஒரு கவலை இருந்தது. பேரப்பிள்ளை எடுத்தவர்கள் செத்தால்தான், அந்தப் பேரப்பிள்ளைகள் பிணத்தைச் சுற்றி நெய்ப்பந்தம் பிடிப்பார்கள். தன்னை வெளிச்சமில்லாமல் தூக்கிக்கொண்டு போய்விடுவார்களே என்று அவருக்கு உள்ளுக்குள் இருந்தது. அதையும் விளையாட்டாகத்தான் சொல்லுவார். கஞ்சி ஊற்றும்போது, "ஏண்டி, நான் செத்தா பந்தம் புடிப்பியா? புடிக்கிறேன்னு சொன்னாத்தான் இன்னொரு அகப்பை" என்பார். நாங்கள் "புடிக்கிறேன் பாட்டி, புடிக்கிறேன்" என்று கத்துவோம். அவர் சிரிப்பார். பிறகு எங்கள் தலைகளை ஒவ்வொன்றாக எண்ணுவார். அது ஏன் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

ஒருநாள் விடியற்காலையில் பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தபோது கொட்டகை திறந்திருக்கவில்லை. லயத்துக் கடைசி வீட்டில் பாட்டி ஒருக்களித்துப் படுத்தபடியே போயிருந்தார். பிள்ளைகளை விட இடமில்லாததால் அன்று பெண்கள் யாரும் வெட்டுக்குப் போகவில்லை.

பாடை கட்டிக் குளிப்பாட்டி முடிந்ததும் பந்தப் பேச்சு வந்தது. கங்காணி தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார். எங்களையெல்லாம் ஊரிலிருந்து கூட்டி வந்தவர் அவர். அவர் நினைத்தால் வேலையும் போகும், வீடும் போகும்.

"இரத்த சொந்தம் ஒண்ணும் இல்ல. ஆளுக்கொரு சாதிப் பிள்ளை. இதுங்க சேர்ந்து பந்தம் புடிச்சிச்சின்னு ஊருக்குத் தெரிஞ்சா என் மூஞ்சில காறித் துப்புவாங்க. பந்தம் கிந்தம் வேணாம், தூக்குங்க."

ஆண்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். என் அப்பாவும்தான். எதிர்வீட்டு அக்காதான் இடுப்புப் பிள்ளையோடு வாயைத் திறந்தார்.

"கங்காணியாரே, அந்த மடியில மூத்திரம் பேயாத பிள்ளை இந்த லயத்துல எது? அப்ப கெழவி சாதி கேட்டுச்சா?"

"பொம்பளைங்க பேசாதீங்க."

"சரி, பேசல. நாளைக்கு நாங்க மரம் வெட்டப் போவணும்ல? பிள்ளைங்கள உங்ககிட்டயே கொண்டாந்து விடுறோம். கால் கட்டைவிரல நீட்டி உக்காந்துக்குங்க."

பிணம் கிடக்கிற இடம் என்று பார்க்காமல் யாரோ சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் என் அம்மா, கங்காணி எதிரில் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்தறியாத என் அம்மா, தம்பியின் தூளித் துணியிலிருந்து ஒரு கீற்றைக் கிழித்தார். ரப்பர் மரக் குச்சியில் அதைச் சுற்றினார். பார்த்துக்கொண்டிருந்த மற்றப் பெண்களும் அவரவர் தூளியை அவிழ்த்து வந்தார்கள். நெய்க்கு எங்கே போவது? விளக்குக்கு வைத்திருந்த தேங்காய் எண்ணெயில்தான் நனைத்தார்கள்.

சடங்கு செய்ய வந்த பெரியவர் கங்காணியை ஒரு தரம் பார்த்தார். பிறகு, "பேரப்பிள்ளைங்க வாங்க" என்று குரல் கொடுத்தார். யாரும் அசையவில்லை. கூட்டத்தைக் கண்டாலே சேலைக்குள் ஒளிகிற பிள்ளை நான். என் முதுகில் அம்மாவின் கை பட்டது. தள்ளவில்லை, பட்டது. அவ்வளவுதான். நான் பந்தத்தை ஏந்திக்கொண்டு போனேன். எனக்குப் பின்னால் ஒருத்தி, அவள் பின்னால் அண்ணன் கையைப் பிடித்தபடி ஒரு குட்டி என்று வந்துகொண்டே இருந்தார்கள். நடக்கத் தெரியாததுகளைத் தாய்மார்கள் தூக்கிக்கொண்டு, கையோடு கைசேர்த்துப் பிடித்தார்கள். பாட்டியைச் சுற்றி இடம் போதவில்லை. வரிசை வாசலைத் தாண்டி லயத்து வழியில் நின்றது.

கங்காணி வாயைத் திறந்தார். நான் பந்தத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"மெதுவா சுத்துங்க" என்றார். "எடம் விட்டு நடங்க. முன்னால போறவ பாவாடையில நெருப்பு பட்டுடப் போவுது."

இப்போது அந்தத் தோட்டம் இல்லை, வீடுகள் கட்டிவிட்டார்கள். பாட்டிக்கு எந்த ஊர் என்று கேட்டு வைத்துக்கொள்ளவும் எனக்குத் தோன்றவில்லை. அன்று பந்தம் ஏந்தினவர்கள் யாராவது இன்னும் இருந்து இதைப் படித்தால், பிழை இருக்கும் இடத்தில் திருத்தித் தாருங்கள். வரிசை நான் சொன்ன அளவு நீளம்தானா என்பதையும் சொல்லுங்கள். நான் சின்னப் பிள்ளை, எனக்கு அப்படித் தெரிந்திருக்கலாம். ஆனால் நான் சுற்றி முடித்துத் திரும்பிப் பார்த்தபோது, வேடிக்கை பார்க்க என்று ஒரு பிள்ளைகூட மிச்சம் இல்லை.