வேலாயியின் வீங்காத கால்

பால்காரர் ஊற்றும் பாலை விரலில் தொட்டு, ஒட்டுகிறதா என்று பார்க்காமல் சரிதா அடுப்பில் ஏற்ற மாட்டாள். சேரம்பாடிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் அவளுக்கு ‘சிஐடி சரிதா’ என்றே பெயர். அதில் அவளுக்குப் பெருமைதான். தொழிலாளர் லயத்தில் காணாமல் போன கோழி யார் வீட்டுக் குழம்பில் கொதிக்கிறது என்று வாசனையிலேயே சொன்னவள் ஆயிற்றே!

பக்கத்து நிரையில் பறிக்கும் வேலாயி, செடியின் தூருக்குள் கம்பூட்ஸ் மாட்டிக்கொண்டது தெரியாமல் உடம்பை மட்டும் திருப்பி, கூடையோடு விழுந்தாள். அன்றைக்கே சரிதா அவள் காலைப் பிடித்துப் பார்த்தாள். சுளுக்கு என்றால் கணுக்கால் பன்னு மாதிரி வீங்க வேண்டாமா? வீக்கத்தைக் காணோம். கணுக்கால் எலும்பை அழுத்தினால் முகம்கூடச் சுளிக்கவில்லை.

“அங்க இல்ல புள்ள, மேல... எலும்புக்கு உள்ளாற வலிக்குது.”

உள்ளே வலிக்கிறதாம்! யாரும் பார்க்க முடியாத இடமாகப் பார்த்து வலிக்கிறது பாரேன்!

டிஸ்பென்சரி நர்ஸ் யூனிஸ் வேறு ஒத்து ஊதினாள். “கணுக்காலுக்கு மேல ரெண்டு எலும்பையும் சேத்துக் கட்டியிருக்கிற நாரு அது, அக்கா. பிஞ்சா பெருசா வீங்காது, ஆனா ஆற ரொம்ப நாளாகும். மேடு ஏறவே கூடாது.”

இரண்டும் கூட்டுக் களவாணிகள் என்று சரிதா முடிவு கட்டினாள். வேலாயி நாற்றுப்பண்ணையில் உட்கார்ந்து மண்பை நிரப்ப, அவள் நிரையையும் சரிதாவே பறிக்க வேண்டியிருந்தது. வயிறு எரிந்தது. சனிக்கிழமை வேலாயி இறக்கத்தில் கடைக்குச் சாதாரணமாக நடந்து போனதைப் பார்த்ததும் பொறுக்கவில்லை. நேரே சூப்பர்வைசர் அழகர்சாமியிடம் போய், “சுத்த நடிப்புங்க” என்று பற்ற வைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கையும் களவுமாகப் பிடிக்க வேலாயியின் பின்னாலேயே போனாள். கடையிலிருந்து திரும்பிய வேலாயி மேட்டின் அடியில் நின்று சுற்றுமுற்றும் பார்த்தாள். பிறகு மேட்டுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, வேலியைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகவே ஏறத் தொடங்கினாள். பாதியில் கால் பிசகியது. முகம் கோணி, கண்ணில் நீர் முட்டி, அப்படியே வேலியில் சாய்ந்துவிட்டாள். ஆளில்லாத பாதையில் யாருக்காக நடிக்கிறாள்?

சரிதா ஓடிப்போய்த் தாங்கினாள். “எதுக்குக்கா இப்படி?”

“எறங்கும்போது தெரியல, நேரா ஏறினா உசுரு போவுது. நாளைக்கு என்னைய மேல்மலைக்குப் பறிக்கப் போட்டிருக்காங்க. அதான் இப்படி ஏறிப் பழகுறேன்.” வேலாயிக்கு மூச்சு வாங்கியது. “நான் நடிக்கிறேன்னு எவளோ போட்டுக் குடுத்துட்டா. உனக்குத்தான் ஆளு முழியப் பாத்தாலே தெரியுமே. யாருன்னு கொஞ்சம் கண்டுபுடிச்சுச் சொல்லு புள்ள.”

சரிதா வேலாயியைப் பாதையோரக் கல்லில் உட்கார வைத்தாள்.

“நாந்தான்க்கா. இங்கயே இரு.”

அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், அழகர்சாமி வீட்டுக்கு இறக்கத்தில் ஓடினாள்.