இடப்பக்க முன் டயர்

பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அந்த மனிதரை ஊரே வேன் மாமா என்றுதான் கூப்பிடும். முதலில் பிள்ளைகள் கூப்பிட்டார்கள், பிறகு அவர்களைப் பெற்றவர்கள் கூப்பிட்டார்கள். கடைசியில் கட்டிய மனைவியே போனில் யாரிடமாவது, "வேன் மாமா சாப்பிட வந்துட்டாரு, அப்புறம் பேசறேன்" என்று சொல்லுமளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அதில் பெருமைதான். வேறு எதில் பெருமைப்படுவார் பாவம்? படிப்பு ஏறவில்லை, வியாபாரம் கை கொடுக்கவில்லை. ஸ்டியரிங் ஒன்றுதான் சொன்ன பேச்சைக் கேட்டது.

அந்த ஸ்டியரிங்கும் இப்போது கேட்கவில்லை. கையை லேசாக விட்டால் வேன் ஒரு பக்கமாக இழுத்தது. இடப்பக்க முன் டயர் வெளிவிளிம்பில் மட்டும் மழுங்கிக்கொண்டே வந்தது. மற்ற மூன்று டயர்களும் சமர்த்தாக, சீராகத் தேய்ந்துகொண்டிருக்க, இந்த ஒன்று மட்டும் சவரம் செய்த கன்னம்போல வழவழவென்று ஆனது. புது டயர் மாட்டிப் பார்த்தார். அதுவும் அதே வழிக்குப் போனது.

பள்ளிக்கூடத்தில் வண்டிகளைக் கவனிக்கும் மேடம் குனிந்து அந்த டயரைப் பார்த்தாள். அவள் கெட்டவள் இல்லை, ஆனால் சொன்னால் சொன்னதுதான்.

"மாமா, அடுத்த மாசம் எல்லா வண்டியையும் சோதிக்க ஆள் வருது. இந்த டயரோட நின்னீங்கன்னா உங்க வேனை நிறுத்திடுவேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லாதீங்க."

வேன் நின்றால் வீடு நின்றுவிடும். மகளின் கல்லூரிப் படிப்பு, வீட்டு வாடகை, மனைவியின் முழங்கால் வைத்தியம், எல்லாம் அந்த நான்கு சக்கரத்தின் மேல்தான் உட்கார்ந்திருந்தன. அதைவிடப் பெரிய பயம் ஒன்று அவருக்குள் இருந்தது. மழையில், வண்டி நிறையப் பிள்ளைகள் பாட்டுப் பாடிக்கொண்டு வரும்போது அந்த டயர் வெடித்தால்? சாப்பிட உட்கார்ந்தால் தட்டில் டயர் தெரிந்தது.

சக்கரங்கள் கோணாமல் நிற்கின்றனவா என்று அலைன்மென்ட் பார்க்கக் கடை கடையாக ஏறி இறங்கினார். முதல் கடை பளபளவென்று இருந்தது. சக்கரங்களில் ஏதோ கண்ணாடிகளை மாட்டினார்கள், பெரிய திரையில் சிவப்பாக எண்கள் வந்தன, சட்டையில் அழுக்கே படாத ஒருவன் அங்கே இங்கே திருகினான், எண்கள் பச்சையாகின. "பச்சை வந்துடுச்சு பாருங்க சார், இனிமே பிரச்சினையே இல்ல" என்றான். கொஞ்ச நாள்கூடத் தாங்கவில்லை. வேன் மறுபடி இழுத்தது.

வேன் மாமா திரும்பப் போய் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார். "பச்சை காட்டினியே, அதை வெச்சு நான் என்ன பண்றது? வீட்டுல மாட்டி விளக்கு எரிக்கவா?"

"நாங்க சரியாத்தான் பண்ணோம் சார். நீங்க எங்கயாவது இடிச்சிருப்பீங்க."

"நானா? இத்தனை வருஷத்துல ஒரு கோழிக்குஞ்சை இடிச்சதில்ல நான்!"

அன்றிலிருந்து அவருக்கு எல்லாக் கடைக்காரனும் திருடனாகத் தெரிந்தான். அடுத்த கடைக்குப் போகும் முன் வீட்டில் ஒரு ஏற்பாடு செய்தார். மனைவியின் நகப்பூச்சை எடுத்து, அலைன்மென்ட் சரிசெய்யத் திருக வேண்டிய மறையின் மேல் ஒரு கோடு இழுத்துவைத்தார். மறையை அசைத்தால் கோடு உடையும். உடையாவிட்டால் வேலையே செய்யாமல் ஏமாற்றியிருக்கிறான் என்று அர்த்தம்.

"என் நகத்துக்குப் போடக் கேட்டா கஞ்சத்தனம், வண்டிக்குன்னா குப்பியோட ஊத்தறீங்க" என்றாள் மனைவி.

"உன் நகம் தேஞ்சா யாரும் என்னை வேலையை விட்டுத் தூக்க மாட்டாங்கடி."

இரண்டாவது கடைக்காரன் வேனை மேலே ஏற்றி, கீழே இறக்கி, துணியால் துடைத்து, கையில் சாவியைக் கொடுத்தான். வேன் மாமா தெருமுனையில் நிறுத்திவிட்டுத் தவழ்ந்து போய்ப் பார்த்தார். கோடு அலுங்காமல் நலுங்காமல் அப்படியே இருந்தது. அடப்பாவி! மூன்றாவது கடையில் கோடு உடைந்திருந்தது, வேலை நடந்திருந்தது. ஆனாலும் டயர் தேய்ந்தது. அப்போதுதான் அவருக்கு உண்மையிலேயே கை கால் ஓடவில்லை. திருடனைக் கண்டுபிடித்தால் சண்டை போடலாம். ஒழுங்காகச் செய்தவனிடம் போய் என்ன சண்டை போடுவது? வேனின் படியில் உட்கார்ந்து, யாரும் பார்க்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, கொஞ்சம் அழுதார்.

மனைவியின் அக்கா வீட்டுக்காரர்தான் அந்தக் கடையைச் சொன்னார். "ஒரு ஆள் இருக்காரு, முசுடு. சிரிச்சு யாரும் பார்த்ததில்ல. வர்ற வண்டியில பாதியை, உனக்கு வேலை தேவையில்ல போன்னு திருப்பி அனுப்பிடுவாரு. ஆனா பொய் மட்டும் சொல்ல மாட்டாரு."

வர்ற லட்சுமியை வாசலோடு அனுப்புகிறவனா? அவனை நம்பலாம் என்று பட்டது வேன் மாமாவுக்கு. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மதியம் போனார். சோதனைக்கு மறுநாள் ஆள் வரப்போகிறது. இதுதான் கடைசிக் கதவு.

கடை ஒரு சந்தின் வளைவில் இருந்தது. வேனைத் திருப்பி உள்ளே கொண்டுபோய் நிறுத்தினார். முசுடு வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கடைக்காரர்களையும் திட்டிக்கொண்டே வேன் மாமா இறங்க, முசுடு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. நேராக வந்து அந்த டயரின் முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தேய்ந்த விளிம்பை விட்டுவிட்டு, டயரின் பக்கவாட்டை உள்ளங்கையால் தடவினார். ரப்பர் சுற்றிலும் உரிந்து உரிந்து கிடந்தது. ரிம்மின் விளிம்பில் பல்லுப் பல்லாக வெட்டு.

"பிள்ளைங்களை எப்படி இறக்குவீங்க?" என்று கேட்டார்.

கேட்க வேண்டியவர் கேட்டுவிட்டார் என்று வேன் மாமாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அதுல நம்மளை அடிச்சுக்க ஆள் கிடையாது சார். மத்த வண்டிக்காரன் ரோட்டு நடுவுல நிறுத்துவான். நான் அப்படி இல்ல. பிள்ளைங்க கால் ரோட்டுல படவே கூடாது. நடைபாதையோட ஓரக்கல்லை ஒட்டி, ஒரு விரல்கூட நுழையாத மாதிரி நிறுத்துவேன். கதவைத் திறந்தா நேரா கல்லு மேல கால் வைக்கலாம். அம்மாமாருங்க எல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிப் பாராட்டுவாங்க."

"ஒட்டி நிறுத்தலை. இடிச்சு நிறுத்தறீங்க."

"என்ன சார் பேசறீங்க?"

"இது பழைய காயம், இது அதுக்கு மேல பட்டது, இது இன்னிக்குக் காலையில பட்டது. தினம் கல்லுல மோதினா, சக்கரத்தைத் திருப்புற கம்பி, டை ராடு, வளையாம என்ன செய்யும்? எவன் அலைன்மென்ட் பண்ணினாலும் நிக்காது. பண்ணினவனை ஏன் திட்டறீங்க?"

வேன் மாமாவுக்குக் கோபம் தலைக்கேறியது. "நீங்களும் அதையே சொல்றீங்களா? இடிச்சா எனக்குத் தெரியாதா? கல்லு கண்ணுக்குத் தெரியாதா எனக்கு?"

முசுடு எழுந்து, கை நீட்டி வாசலைக் காட்டினார். "உள்ள வரும்போது என் வாசல் கல்லு மேல ஏறி இறங்கினீங்க. தெரிஞ்சுதா?"

ஒரு குலுக்கல் தெரிந்தது. பள்ளம் என்று நினைத்திருந்தார். வாசலில் பள்ளம் இல்லை. இடது ஓரத்தில் கல் ஒன்று மட்டும், கணுக்கால் உயரத்துக்கு, வெள்ளை அடித்து நின்றது. அதன் முனையில் புதிதாகக் கறுப்புத் தடம்.

"வலது கண்ணைப் பொத்துங்க" என்றார் முசுடு.

"எதுக்கு?"

"பொத்துங்க சொல்றேன்."

வேன் மாமா பொத்தினார். எதிரே நின்ற மனிதரின் முகம் போய்விட்டது. ஈரக் கண்ணாடிக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல ஒரு சாம்பல் நிறம், அவ்வளவுதான். கையை எடுத்தார், முசுடு இருந்தார். மறுபடி பொத்தினார், இல்லை. மறுபடி எடுத்தார். சின்னப் பிள்ளை விளையாடுவதுபோல அதையே திரும்பத் திரும்பச் செய்தார். ஒரு கண்ணை மட்டும் பொத்திக்கொண்டு உலகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் அவருக்கு இதுவரை வந்ததே இல்லை. வலது கண் நல்ல பிள்ளையாக இருவர் வேலையையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

"எங்க அண்ணனுக்கும் இப்படித்தான். அவன் லாரி ஓட்டினான்" என்றார் முசுடு. சொல்லிவிட்டு வாசல் கல்லின் கறுப்புத் தடத்தைப் பார்த்தார்.

வேன் மாமா உடைந்துபோய்க் கெஞ்சினார். வெட்கத்தையெல்லாம் விட்டுவிட்டார். "சார், உங்க காலைப் பிடிச்சுக்கறேன். டை ராடை மட்டும் மாத்திக் குடுங்க. நாளைக்கு ஒரு நாள் தாண்டட்டும். அப்புறம் நான் டாக்டர்கிட்ட போறேன், கண்ணாடி போடறேன், என்ன வேணா பண்றேன். பொண்ணு படிப்பு முடியணும் சார். யார்கிட்டயும் சொல்லாதீங்க."

"டை ராடு மாத்தறது என் தொழில், மாத்தித் தரேன். யார்கிட்டயும் போய்ச் சொல்லவும் மாட்டேன், அது என் வேலை இல்ல." சொன்னபடியே மாற்றி முடித்து, வண்டிச் சாவியை அவர் உள்ளங்கையிலேயே வைத்தார் முசுடு. "வண்டி உங்களுது. எடுத்துட்டுப் போறதும் போகாததும் உங்க இஷ்டம்."

தடுத்திருந்தால் சண்டை போட்டிருப்பார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார். சாவி கையில் சுட்டது. பள்ளிக்கூடம் விடும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஏறி உட்கார்ந்தார். அப்போதுதான் அந்த நினைப்பு வந்தது. தினமும் அந்த ஓரக்கல்லில் மோதியிருக்கிறார். அந்தக் கல்லின் மேல் யார் நிற்பார்கள்? காலையில் பையை மாட்டிக்கொண்டு, எட்டி எட்டித் தெருவைப் பார்த்துக்கொண்டு, வேன் வருதுன்னு குதித்துக்கொண்டு யார் நிற்பார்கள்? அந்தக் கல் மட்டும் இல்லாவிட்டால் டயர் எதில் போய் நின்றிருக்கும்? சாவியைத் துவாரத்தில் நுழைக்காமல் மடியில் வைத்தார்.

மனைவி போன் செய்தாள். "என்னங்க, டயர் சரியாயிடுச்சா?"

"டயர்ல ஒண்ணுமே இல்லடி" என்று சொல்லி வைத்துவிட்டார்.

இறங்கி வந்து, முசுடின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "சார், பிள்ளைங்க காத்துக்கிட்டு இருக்கும். நீங்க ஓட்டறீங்களா?"

முசுடு முனகிக்கொண்டே கடையின் ஷட்டரை இழுத்து விட்டார். நாள் முழுக்க இந்த ஒரு வேலைதான் ஓடியது, இதில் இது வேறு என்று தனக்குள் பேசிக்கொண்டார். ஆனாலும் நேராக ஓட்டுநர் இருக்கைக்குத்தான் போனார். வேன் மாமா தன் வண்டியிலேயே முதல்முறையாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். பள்ளி வாசலில் பிள்ளைகள் ஏறும்போது, "மாமா, இது யாரு? மாமா, நீங்க ஏன் இங்க?" என்று துளைத்து எடுத்தார்கள். "இந்தத் தாத்தா புதுசா வண்டி ஓட்டக் கத்துக்கறாரு" என்றார். வண்டியே சிரித்தது. முசுடு மட்டும் சிரிக்கவில்லை.

முதல் நிறுத்தம். எல்லாரிலும் சின்னவள் இறங்க வேண்டிய இடம். ஒல்லியாக, ஓயாமல் பேசும் அந்தப் பெண்ணை எல்லாரும் குருவி என்பார்கள். முசுடு கல்லிலிருந்து நன்றாகத் தள்ளியே நிறுத்தினார். குருவியின் அம்மா கல்லின் மேல் காத்திருந்தாள். வேன் மாமா முதலில் இறங்கி, பிள்ளையைக் கையைப் பிடித்துத் தரையில் இறக்கி, தாயிடம் கொண்டுபோய் நிறுத்தினார்.

"நாளையிலேருந்து நான் வர மாட்டேம்மா."

"ஏன் மாமா? உடம்புக்கு என்ன?"

"இடது கண்ணு தெரியல."

அவள் முதலில் சிரிக்கப் போனாள். வேன் மாமா விளையாட்டுக்காரர் ஆயிற்றே. பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள், தன் செருப்புக் காலின் கீழிருந்த கல்லைப் பார்த்தாள், அதன் மேல் நீளமாகக் கிடந்த கறுப்புத் தடங்களைப் பார்த்தாள். அவற்றை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். சட்டென்று குனிந்து குருவியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். இடுப்பில் வைக்கிற வயசெல்லாம் குருவிக்கு எப்போதோ தாண்டிவிட்டது. "இறக்கி விடும்மா, எல்லாரும் பாக்கறாங்க" என்று குருவி காலை உதைத்தாள். தாய் இறக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"எப்பலேருந்து மாமா?"

அவள் திட்டியிருக்கலாம். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

"தெரியலம்மா" என்றார். அதுதான் உண்மை.

அவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, பை தரையில் இழுபட, வேகமாக நடந்து போனாள். குருவி தோளுக்கு மேலாகக் கையாட்டினாள். வேன் மாமாவும் கையாட்டினார். அவர்கள் திருப்பத்தில் மறையும்வரை நின்றார். பின்னால் வண்டிக்குள் பிள்ளைகள் பாட ஆரம்பித்திருந்தார்கள். முசுடு ஹார்ன் அடிக்காமல் காத்திருந்தார். கடைசிப் பிள்ளை இறங்கும்வரை ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கி, ஒவ்வொரு தாயிடமும் இதையே சொல்ல வேண்டும். வேன் மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினார்.

"அடுத்த தெருவுல இடது பக்கம் சார்" என்றார்.