காற்று அடங்கிய நேரம்

புயலில் எங்கள் பேருந்து மாமல்லபுரத்துக்குச் சற்று முன்பே நின்றுவிட, டீக்கடைக்குள் ஒதுங்கியிருக்கிறோம். சட்டென்று காற்று அடங்கி வானம் வெளுக்கிறது. கடைக்கார அக்கா பிய்ந்த கூரைத் தகரத்தை மாட்ட ஏணியைச் சாய்க்கிறார். நான் ஓடிப்போய் ஏணியைப் பிடிக்கிறேன்.

“ஏறாதீங்கக்கா. இது புயலோட கண்ணு. எதிர்ப்பக்கத்துலேர்ந்து திரும்ப அடிக்கும்.”

“அதான் வுட்டுச்சே. உனுக்கு யாரு சொன்னது?”

“ஸ்கூல்ல புவியியல் பாடம்.” எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்குப் போனவள் நான், பயத்திலும் நிமிர்ந்துதான் சொல்கிறேன்.

“சரி, நீ சொல்லிக்கினே இரு,” என்று சிரித்தபடி ஏறுகிறார். புடவையைப் பிடித்து இழுக்கிறேன். திட்டிக்கொண்டே இறங்குகிறார்.

தூரத்தில் ஏதோ உறுமுகிறது. இதுவரை தெற்கே சாய்ந்திருந்த சவுக்கு மரங்கள் வடக்கே வளைகின்றன. ஏணி தானாகச் சாலையைக் கடந்து போகிறது.

அக்கா என் கையை இறுகப் பற்றுகிறார். “எப்போ நிக்கும்னு பாடத்துல போட்டுக்கீதா?”

அது மட்டும் பாடத்தில் இல்லை.