சரவணமுத்து முறுக்கிய ஸ்க்ரூ

சரவணமுத்துவைத் திட்டாமல் எனக்கு ஒரு நாளும் போகாது. நான் வனத்துறை ஜீப் ஓட்டுகிறவன். அவர் அதே ஆபீசில் தினக்கூலி மெக்கானிக். திருச்செங்கோட்டுக்காரர். இருபது வருடம் ரிக் வண்டியோடு ஊர் ஊராய்ப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டுவிட்டு, இடுப்பு போனபின் எங்களிடம் வந்து சேர்ந்தார். எதைக் கொடுத்தாலும் ரிக் வண்டி போல்ட் என்றே நினைத்து முறுக்குவார். அவர் மூடிய டீசல் டேங்கைத் திறக்க நான் சுத்தியல் தேட வேண்டும்.

போன தை மாதம், தம்மம்பட்டிப் பக்கம் ஒரு மரவள்ளிக் காட்டில் காட்டெருமை இறங்கி நின்றது. முன்னங்காலில் சுருக்குக் கம்பி. சதைக்குள் இறங்கிப் புழு வைத்துவிட்டது. கூடவே கன்று. மயக்க ஊசியைத் துப்பாக்கியால் சுட்டுத் தாயைப் படுக்க வைத்தால்தான் கம்பியை அறுக்கலாம். எங்கள் கால்நடை டாக்டர் மோகனப்பிரியா துப்பாக்கியால் போடும் முதல் ஊசி அதுதான். துப்பாக்கியில் குறி பார்க்கப் புது ஸ்கோப் வந்திருந்தது. முந்தின நாள் சரவணமுத்துதான் அதை மாட்டினார். அவசரத்தில் யாரும் சுட்டுப் பார்க்கவில்லை.

ஊசி முதுகுக்கு மேலே ஒரு முழம் தள்ளிப் பறந்தது. வரப்பில் நின்ற கூட்டம் சிரித்தது. அந்தப் பெண்ணின் முகம் செத்துப்போயிற்று. தன்னால் ஆகாது, சேலத்திலிருந்து பெரிய டாக்டரை வரச் சொல்லுங்கள் என்று ரேஞ்சரிடம் சொன்னது. பெரிய டாக்டர் வெளியூர் போயிருந்தார்; வர மறுநாள் ஆகும். கால் அதுவரை தாங்காது.

சரவணமுத்து துப்பாக்கியை ஜீப்புக்குப் பின்னால் கொண்டுவந்து ஸ்கோப்பைக் கழற்றினார். அதைத் துப்பாக்கியோடு சேர்த்துப் பிடிக்கும் வளையம் இறுகிய இடத்தில் ஸ்கோப் குழாய் நசுங்கியிருந்தது. வாயை மூடிக்கொண்டு இருங்கள், தெரிந்தால் இன்றோடு வேலை போய்விடும் என்று காதோரம் சொன்னேன். அவர் நேரே டாக்டரிடம் போனார்.

"உங்க கை தப்பலீங்க டாக்டரம்மா. நான்தானுங்க முறுக்கித் தொலைச்சுட்டேன்."

ரேஞ்சர் கன்னாபின்னாவென்று கத்தினார். டாக்டர் நசுங்கிய குழாயை வாங்கித் தடவிப் பார்த்தது. பிறகு, "பழசை நீங்களே மாட்டுங்கண்ணா" என்றது.

ஜீப்பில் கிடந்த பழைய ஸ்கோப்பில் ஓரமெல்லாம் பூஞ்சை, நடுவில் தெளிவு. வேப்பங்கிளையில் நூலில் கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, உள்ளே தெரியும் குறுக்குக் கோடு அந்த நூலோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்த்தார். டாக்டரைக் கண் வைக்கச் சொல்லி, வட்டம் முழுதாகத் தெரியும்வரை முன்னும் பின்னும் நகர்த்தினார். நாலு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றி, இரண்டே விரலால், கைக்குழந்தைக்குச் சட்டைப் பொத்தான் போடுகிற மாதிரி திருப்பினார். நெற்றி வேர்வை கண்ணில் இறங்கியும் துடைக்கவில்லை. வெற்று ஊசியால் அட்டையில் மூன்று முறை சுட்டுக் குறியைச் சரி செய்தார்கள்.

அடுத்த ஊசி தொடையில் ஏறியது. கம்பியை அறுத்து, புண்ணைக் கழுவி, மருந்து வைத்து, மயக்கம் தெளிய ஊசி போட்டுவிட்டு எல்லாரும் ஜீப்புக்கு ஓடிவந்தோம். தாய் தடுமாறி எழுந்தது. நாலடி நொண்டி நடந்து நின்றது. கன்று ஓடிவந்து மடியில் முட்டியது.

டாக்டர் சரவணமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அவரும் அழுதார். நான் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாயை மூடச் சொன்னவன் நான்.