பல்லில்லாத வாளி

ஜேனிஸ் பின்ச்பெக் ஓட்டுவது பதினான்கு டன் மண்வாரி இயந்திரம். அதன் வாளிக்குப் பல் கிடையாது. விளிம்பு தோசைத் திருப்பி மாதிரி தட்டையாக இருக்கும். வீடு கட்டுகிறவர்கள் பல் வைத்த வாளியால் மண்ணைக் கடித்து எடுப்பார்கள். அகழாய்வுக்கு வருகிறவர் சீவி எடுக்க வேண்டும், ஒரு தடவைக்கு ஒரு விரல் கனம்.

ஜேனிஸுக்கு வயது ஐம்பத்தெட்டு. அதில் முப்பத்தொரு வருடம் இந்தச் சீவல்தான். முதல் வாரத்திலேயே, சரளைக் குவாரி ஒன்றில், முழுசாகப் புதைந்திருந்த ஒரு பானையை நொறுக்கிவிட்டார். யாரும் திட்டவில்லை. "அந்த நொறுங்கின சத்தம் இன்னும் காதுல இருக்கு" என்பார். அதன் பிறகு இன்றுவரை அவர் வாளியில் எதுவும் உடைந்ததில்லை. கேட்காமலே சொல்லிக்கொள்ளும் பெருமை இது ஒன்றுதான்.

இந்த வேலைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. இயந்திரத்துக்கு முன்னால் ஓர் ஆய்வாளர் நின்று மண்ணையே பார்த்துக்கொண்டிருப்பார். அவர் உள்ளங்கையைக் கவிழ்த்தால் சீவலாம். முஷ்டியை மடக்கினால் நிறுத்த வேண்டும். கை அசையாமல் வாளி ஓர் அங்குலம்கூட இறங்காது.

சென்ற வசந்தத்தில் எங்கள் ஹாதர்பியில், நெடுஞ்சாலை ஓரத்துப் பதினைந்து ஏக்கரில் சரக்குக் கிடங்கு கட்ட ஏற்பாடானது. ஹாதர்பியில் பார்க்க என்ன இருக்கிறது? பெட்ரோல் பங்க், லாரிகள் ஒதுங்கும் இடம், அங்கே டெரெக்கின் பன்றி வறுவல் ரொட்டி வண்டி. பக்கத்து ஸ்டோக் அபாட்காரர்களுக்கு இடிந்த மடாலயம் ஒன்று இருக்கிறது. "உங்க ஊருக்கு எவனும் வந்ததில்ல, கடந்துதான் போயிருக்கான்" என்று நூறு வருடமாகச் சொல்லிக் காட்டுகிறார்கள்.

கட்டுவதற்கு முன், பழங்காலத் தடயம் இருக்கிறதா என்று சோதனைக் குழி வெட்ட வேண்டும் என்பது சட்டம். மண்ணுக்குள் பார்க்கும் கருவியை வயல் முழுக்க இழுத்து நடந்தார்கள். படம் வெறுமையாக வந்தது. இருபத்திரண்டு நீளக் குழிகளில் இருபத்தொன்று காலி. வெள்ளிக்கிழமை காலை, சரிவின் அடியில், நெடுஞ்சாலைக்குப் பக்கத்தில் கடைசிக் குழி. பிற்பகல் இரண்டு மணிக்கு மாவட்ட அதிகாரி வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிட்டால், திங்கட்கிழமை அஸ்திவாரம்.

முன்னால் நின்றவர் டொமினிக். முப்பது வயது, படித்தவர், நான்கு வாரமாக நனைந்தவர். மேல்மண் போய் மஞ்சள் களிமண் வந்ததும் முஷ்டியை மடக்கினார்.

"கன்னி மண் வந்தாச்சு, ஜேனிஸ். மனுஷன் கை படாத மண்ணு. அவ்ளோதான். முடிஞ்சுது."

ஜேனிஸ் இயந்திரத்தை அணைக்கவில்லை. கதவைத் திறந்து தலையை நீட்டினார்.

"இது கன்னி மண் இல்ல, வாத்து."

எங்கள் பக்கத்தில் செல்லமாகக் கூப்பிட்டால் எல்லோரும் வாத்துதான், அதிகாரியும் சரி, கொத்தனாரும் சரி.

"மஞ்சளா இருக்கு, சுத்தமா இருக்கு. வேற என்ன வேணும் உங்களுக்கு?"

"மேட்டுல இருபத்தொரு குழி வெட்டினேன். ஒவ்வொண்ணுலயும் களிமண்ணுல சுண்ணாம்புக் கட்டி இருந்துச்சு. வாளி கரகரன்னு பேசிச்சு. இங்க வெண்ணெய்ல கத்தி போறாப்ல போகுது, சத்தமே இல்ல. இது மேட்டுல இருந்து மழை அரிச்சுக் கொண்டாந்து கொட்டின மண்ணு. அடியில வேற என்னமோ இருக்கு."

"வாளி பேசிச்சுன்னு அறிக்கையில எழுதவா?"

"எழுதேன். உன் கருவி பேசாததத்தான் எழுதிட்டியே."

டொமினிக்கின் முகம் சிவந்தது. கன்னி மண்ணுக்குக் கீழே வெட்டுவது விதியில் இல்லை, நேரமும் இல்லை என்றார். கை கவிழவில்லை. கை கவிழாமல் ஜேனிஸ் வாளியை இறக்குகிறவரும் இல்லை. அணைத்தார். மணி பன்னிரண்டரை. சாப்பாட்டு இடைவேளை அரை மணி.

இருக்கைக்குப் பின்னாலிருந்து மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"என்ன பண்றீங்க?"

"சாப்பாட்டு நேரம் என்னோடது. வாளியத்தான் இறக்கக் கூடாதுன்னு விதி. மண்வெட்டிக்கு விதி இருந்தா சொல்லு."

டொமினிக் கடிகாரத்தைப் பார்த்தார். "ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். அதுக்கு மேல போகாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு வேலியோரம் போய் உட்கார்ந்தார்.

ஜேனிஸ் வெட்டினார். களிமண் ஈரம் குடித்துக் கனத்திருந்தது. டெரெக் ரொட்டியோடு வேலியருகே வந்து நின்றான்.

"என்ன, புதையலா?"

"உனக்கு முன்னாடி இங்க கடை போட்டவன் எவன்னு பாக்கறேன்."

"அவனும் கடனுக்குத்தான் குடுத்தானான்னு கேளு. ரொட்டி ஆறுது."

"நீ தின்னு."

இருபது நிமிடம். முழங்கால் ஆழம். மஞ்சள் மண்ணைத் தவிர ஒன்றுமில்லை. டெரெக் அந்த ரொட்டியைத் தின்றே முடித்துவிட்டான். ஜேனிஸின் முதுகு பிடித்துக்கொண்டது. ஒருவேளை தப்போ என்று அப்போதுதான் முதல் தடவையாகத் தோன்றியதாம். முப்பத்தொரு வருடம் காது சொன்னதை நம்பியவர். இதில் தோற்றால் திங்கட்கிழமை முதல் எந்தக் காதை நம்புவது?

மண்வெட்டி 'டங்' என்றது.

உடனே அதைத் தூக்கி வெளியே எறிந்தார். மண்டியிட்டு இரண்டு கைகளாலும் வழித்தார். முஷ்டி அளவுக் கற்கள், இடைவெளி விடாமல் இறுக்கிப் பதித்தவை. கற்கள் தேய்ந்து பளபளத்தன. நடுவில் ஒரு கை அகலப் பள்ளம் நேராக ஓடியது.

"டொமினிக்," என்றார். அன்று முதல் தடவையாகப் பெயர் சொல்லி.

அவர் மண் சுரண்டும் கரணையோடு ஓடிவந்து குழிக்குள் படுத்தேவிட்டார். பள்ளத்தின் ஓரத்தைத் துடைத்தார். துருப்பிடித்த சின்ன உருண்டைகள் ஐந்தாறு, வளைவாக.

"செருப்பு ஆணி. ரோமானியச் செருப்பு. யாரோட செருப்பு அடித்தோலோ பிஞ்சு இங்கயே கிடந்திருக்கு." விரலால் பள்ளத்தின் நீளத்தைக் காட்டினார். "இது வண்டித் தடம், ஜேனிஸ். இது சாலை."

"தெரியுது."

"நான் இத மூடச் சொல்லியிருப்பேன்."

"சொல்லல இல்ல? எழுந்திரு, சட்டையெல்லாம் சேறு."

இரண்டு மணிக்கு வந்த அதிகாரி கையெழுத்துப் போடவில்லை. கையில் வைத்திருந்த காகிதத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, சாலைக் கற்கள் மேல் வெகுநேரம் குந்தியிருந்தார்.

திங்கட்கிழமை அஸ்திவாரம் விழவில்லை. நான்கு மாதம் தோண்டினார்கள். ஆறு மீட்டர் அகலச் சாலை, இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டி வீடுகள், மூன்று கிணறு, ஒரு கொல்லன் உலை, ரொட்டி சுட்ட அடுப்பு, அதைச் சுற்றி இருநூறு வருடமாகத் தின்று போட்ட எலும்பும் சிப்பியும். அந்தச் சாலையில் போனவர்கள் எல்லோரும் இங்கே நின்றிருக்கிறார்கள், தின்றிருக்கிறார்கள், மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறார்கள். கிடங்குக்காரர்கள் வரைபடத்தைத் திருத்தி, கட்டடத்தை மேட்டுக்கு நகர்த்தினார்கள்.

அந்த நான்கு மாதமும் மேல்மண்ணைச் சீவியது ஜேனிஸ்தான். முதல் நாள் டொமினிக் வழக்கம்போல முன்னால் போய் நின்றார். ஆனால் கை பாக்கெட்டிலேயே இருந்தது.

"என்ன, வாத்து? கை எங்க?"

"நீங்க வாளியக் கேட்டுட்டுச் சொல்லுங்க. எங்க நிறுத்தணும்னு."

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஊருக்குத் திறந்து காட்டினார்கள். அறுநூறு பேர் வரிசையில் நின்றார்கள். பாதிப் பேர் ஸ்டோக் அபாட்காரர்கள். டெரெக்கின் வண்டியில் பதினொரு மணிக்கே ரொட்டி தீர்ந்தது. மடாலயத்துக்கு வழிகாட்டியாக இருக்கும் ஓர் அம்மாள் வண்டித் தடங்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ஜேனிஸிடம் கேட்டார்:

"நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ்ளோ பெரிய மிஷினால தோண்டியிருக்கீங்களே, இதுல எது சக்கரத் தடம், எது உங்க வாளிக் கீறல்?"

அன்றைக்கு ஜேனிஸ் புதுச் சட்டை போட்டிருந்தார். கையைக் கட்டிக்கொண்டு, சாலையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரு தடவை பார்த்தார்.

"நாப்பது மீட்டர் இருக்கு, வாத்து. நடந்து பாருங்க. என்னோட கீறல் ஒண்ணு கண்டுபிடிச்சா, மடாலயம்தான் பெருசுன்னு ஒத்துக்கறேன்."

அந்த அம்மாள் நிஜமாகவே குனிந்து குனிந்து நடந்தார். போகும்போது ஒரு பக்கம், வரும்போது மறுபக்கம். பிறகு ஒரு கீறலையும் காட்டாமல் நிமிர்ந்து, டெரெக்கின் வண்டிப் பக்கம் போய், தேநீர் கிடைக்குமா என்று கேட்டார்.