பெண் பார்க்க வந்தவர்களும் பிளாஸ்மா அலையும்

என்னைப் பெண் பார்க்க மீஞ்சூரிலிருந்து வந்தார்கள். பொன்னேரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் கேசரி, பஜ்ஜி எல்லாம் தயார். மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைக் கையில் எடுத்ததுமே கேட்டார்: "பொண்ணு இன்னா படிச்சிக்கினு கீது?"

"பிளாஸ்மா ஆராய்ச்சி" என்றார் அப்பா, பெருமையாக.

"ரத்தத்துல எடுப்பாங்களே, அதுவா?"

நான் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளையின் அப்பா முந்திக்கொண்டார். கும்மிடிப்பூண்டியில் இரும்புத் தகடு வெட்டும் வேலை அவருக்கு. "அது இல்லமே. எங்க கம்பெனில பிளாஸ்மா கட்டிங் மெஷின் கீது. தகடு வெண்ணெய் மாரி அறும். பொண்ணு அதான் படிக்குது."

"அந்த மெஷின்ல வர்ற பிளாஸ்மாவும் இதுவும் ஒரே ஜாதிதாங்க" என்றேன். "ஆனா நான் பாக்குறது பூமிக்கு மேல, காந்தப் புலத்துக்குள்ள மாட்டிக்கினு இருக்கிற பிளாஸ்மா. அதுல அலைங்க ஓடும். ஓட ஓட சக்தி கொறைஞ்சிடும். அது ஏன்னு பாக்குறேன்."

அவர் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினார், பாதி ஜெயித்தவர் போல. அந்த அம்மா விடவில்லை.

"எது மேலயாவது மோதிக்குமா?"

"மோதாமலே கொறையும். அதான் வேடிக்கை."

அம்மா சமையலறை வாசலில் நின்று, போதும் என்று கண்ணைக் காட்டினாள். எனக்கோ உற்சாகம் வந்துவிட்டது. ஆராய்ச்சிக் கூட்டங்களில்கூட யாரும் என்னை இவ்வளவு ஆர்வமாகக் கேட்டதில்லை.

"மீஞ்சூர்ல ட்ரெயின் நிக்கும்போது கூட்டம் கதவுப் பக்கம் நகரும் இல்லீங்களா? சும்மா நிக்கிறவங்கள அது லேசா இடிச்சிட்டுப் போயிடும். கிட்டத்தட்ட அதே வேகத்துல, ஆனா கொஞ்சம் மெதுவா நடக்கிறவங்கள மட்டும் விடாம தள்ளிக்கினே போவும். தள்ளத் தள்ளக் கூட்டத்தோட வேகம் கொறையும். கொஞ்சம் வேகமா போறவங்க பதிலுக்கு இழுத்துக் குடுப்பாங்க. ஆனா மெதுவா போறவங்கதான் ஜாஸ்தி. அலையும் அப்பிடித்தாங்க இளைச்சுப் போவுது."

மாப்பிள்ளையின் அம்மா பஜ்ஜியைத் தட்டில் வைத்தார். "அப்ப தள்ளுப்படுறவங்களுக்கு சக்தி ஏறுமா?"

"ஏறும்."

"எனுக்கு ஒண்ணும் ஏறலியே. போன மாசம் செருப்புதான் அறுந்துச்சு. நான் எறங்குறதுக்குள்ள அடுத்த ஸ்டேஷன் அனுப்பம்பட்டு வந்துட்ச்சு."

மாப்பிள்ளை அதுவரை தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போதுதான் வாய்விட்டுச் சிரித்தார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது அந்த நிமிஷம்தான்.

கல்யாணம் முடிந்தது. அத்தை சொந்தக்காரர்களிடம் "எங்க மருமவ அலைங்க ஏன் பேஜாராவுதுன்னு பாக்குது" என்று அறிமுகப்படுத்துவார். நான் திருத்தவில்லை. என் வேலைக்கு அதைவிடச் சுருக்கமான விளக்கம் எனக்கும் தெரியாது.

சென்ற வாரம் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தவர் திடீரென்று கேட்டார்: "ஏம்மா, வேகமா போறவங்க ஜாஸ்தியா இருந்தா?"

என் ஆராய்ச்சியின் இரண்டாம் பாதியே அதுதான்.

"அலை பெருசாவும் அத்த."

"அது எப்பிடி ஆவும்? இங்க குந்து, வெவரமா சொல்லு" என்று முறத்தைத் தள்ளி எனக்கு இடம் கொடுத்தார்.