பக்கத்துக் கட்டிலுக்கு வந்தவர்

மூன்று வருடங்களுக்கு முன், ஆடிக் காற்று ஊரையே புரட்டிக்கொண்டிருந்த ஒரு வாரத்தில், இராஜபாளையத்தில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆபரேஷன். மகள் மயக்கமும் வலியுமாகக் கிடந்தாள். பிள்ளை என் மடியில். இரண்டு நாளாக நான் சரியாகக் கண்ணை மூடவில்லை.

பக்கத்துக் கட்டிலிலும் ஓர் ஆபரேஷன் பெண். அவளுக்குத் துணையாக மூன்றாம் நாள் காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ஓர் அம்மா வந்தார். ஐம்பது வயதிருக்கும். பார்த்ததுமே எனக்குள் என்னவோ உறுத்தியது. இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன். நல்ல இடத்தில் பார்க்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு வருகிறவர் புருவத்தை ஏன் இவ்வளவு திருத்தி வைத்திருக்கிறார்? பையைத் திறந்தபோது ஒரு சவுரி முடியும் ரோஸ் பவுடர் டப்பாவும் தெரிந்தன. நர்ஸிடம் ஒரு பெயர் சொன்னார். சற்று நேரத்தில் போனில் வேறொரு பெயரைச் சொல்லிப் பேசினார். நான் பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

மத்தியானம் என்னிடம் வந்தார்.

"பிள்ளைய செத்த நேரம் எங்கிட்ட குடுங்க மதினி. நீங்க போயி ஒரு வாய் சாப்பிட்டு வாங்க."

அதே சொற்கள். அதே குழைவு. ஒரு பஸ் ஸ்டாண்டில், ஒரு தாயிடம் இதையே சொல்லிப் பிள்ளையை வாங்கிக்கொண்டு இவர் கூட்டத்தில் கரைந்துபோனதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். எப்போது, எந்த ஊரில் என்பதுதான் நினைவில்லை. யோசிக்கவும் நேரமில்லை. பிள்ளையோடு எழுந்து வாசலுக்கு ஓடி, பிள்ளை பிடிக்கிறவள் வந்திருக்கிறாள் என்று கத்திவிட்டேன்.

நர்ஸ் வந்தார், வாட்ச்மேன் வந்தார். மற்றக் கட்டில்காரர்கள் அவரவர் பிள்ளையைத் தூக்கிக்கொண்டார்கள். வாட்ச்மேன் அந்த அம்மாவின் பையைப் பிடுங்கினார். பக்கத்துக் கட்டில் பெண் தையல் வலியோடு பாதி எழுந்து சொன்னாள்: "விடுங்க அண்ணாச்சி. அவிய எங்க பெரியம்மா. சினிமாவுல நடிக்காக."

இருபது வருடம் கோயில் கொடைத் திருவிழா நாடகங்களில் ராணி வேஷம் கட்டியவராம். வயது ஏறியதும் மேடையில் கூப்பிடுவது நின்றுபோக, சினிமாவில் துண்டு துண்டாக வேடங்கள். அதில் ஒன்று, பிள்ளை திருடுகிறவள். இரண்டே நிமிடக் காட்சி. மதுரை போகிற பஸ்ஸின் டிவியில் அரைத் தூக்கத்தில் நான் பார்த்தது அந்தப் படத்தைத்தான். இரண்டு பெயரில் ஒன்று நாடகத்துக்காக வைத்துக்கொண்டது. பையில் இருந்தது மறுநாள் ஷூட்டிங்குக்கு.

கூசிப்போய் நின்றேன். அவர் திட்டவில்லை. பையை வாங்கிக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"அம்புட்டு நெசமாவா இருந்துச்சு?"

அந்த முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்தது. பெருமைதான், சந்தேகமில்லை. அடுத்த கணமே முகத்தைத் திருப்பிப் பையின் வாயை இழுத்து மூடினார்.

மன்னிப்புக் கேட்பதற்குப் பதிலாகப் பிள்ளையை அவர் பக்கம் நீட்டினேன். அவரும் கையை நீட்டினார். ஆனால் பிள்ளையைச் சுற்றியிருந்த துணியின் நுனியை என் விரல்கள் விடவில்லை. பிடித்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாது. அவர் பார்த்துவிட்டார்.

"இருக்கட்டும் மதினி. உங்ககிட்டயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுத் தனக்கு மகள் முறையான அந்தப் பெண்ணின் கட்டிலில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பேத்தி இப்போது தெருவெல்லாம் ஓடுகிறாள். அன்று ஆளைத் தப்பாக நினைத்ததைக்கூட தூக்கமில்லாத களைப்பு என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை இன்னதென்று மனசுக்குத் தெரிந்த பிறகும் கை அதை நம்ப மறுத்ததே, அதை நினைத்தால்தான் இன்றும் எனக்கு என்னைக் கண்டே பயமாக இருக்கிறது.